ரெஜானுக்குத் தைத்த உடம்பு

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தாருங்கள், மலர் போடப்போகிறோம் என்று எங்கள் முதியோர் சங்கத்துச் சிவம் தொலைபேசியில் கேட்டார். ஏற்கெனவே மூன்று பேர் கொடுத்துவிட்டார்களாம். ஒருவர் பாடசாலை பஸ் ஓட்டியவர், ஒருவர் கணக்காளர், ஒருவர் டவுன்டவுன் ஹோட்டலில் சமைத்தவர்.

"அக்கா, நீங்கள் என்னத்தைப் பற்றி எழுதப்போறியள்?"

"ஆம்பிளையளுக்கு இடுப்பு வைச்சுத் தைச்சதைப் பற்றி."

அந்தப் பக்கம் சிவம் இருமினார். பிறகு, "தையற்கலை எண்டு தலைப்புப் போடுவம், என்ன?" என்றார். பாவம், நல்ல மனுசன். தலைப்பை நான் மாற்றிவிட்டேன்.

எனக்கு விடுப்புக் கூட, எதையும் துருவிப் பார்க்கிற புத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைக் கண்டாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அகதியாக இந்தக் கியூபெக் ஊருக்கு வந்து இறங்கியதும் ஷபனெல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் பனிக்கால ஜாக்கெட்டுகளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தேன். அங்கேகூட ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் முதல் ஏச்சு வாங்கினேன். அதன்பிறகு சென்-கத்ரின் வீதியின் கிழக்குப் பக்கத்தில் உடுப்புத் திருத்தும் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தேன். போன வருடம் ஓய்வு பெறும் வரைக்கும் அதே கடைதான்.

முதலாளி மதாம் அல்டா, போர்த்துக்கல்காரி. வாய்க்குள் எப்போதும் ஏழெட்டுக் குண்டூசி இருக்கும், அதனால் அதிகம் கதைக்கமாட்டார். தைத்து முடித்த உடுப்பைக் கொடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். பிழையிருந்தால் ஏசமாட்டார். பிளேட்டால் முழுத் தையலையும் பிரித்து மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். என்ன பிழை என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். மற்றப் பெண்கள் அழுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவருடைய கடையில் ஒரு சட்டம் இருந்தது. அளவெடுக்கும்போது இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. கடதாசித் துண்டில் எழுத வேண்டும், கேட்டால் மட்டும் காட்ட வேண்டும். ஒருமுறை ஊசிகளைக் கையில் எடுத்துவிட்டு, "அளவு அவையின்ர. எங்கட பொறுப்பு துணி மட்டும்," என்றார். இப்போது அந்தக் கடையில் இருக்கும் பெண்கள், கடைசி நாள்வரை நான் ஏன் துண்டில் எழுதிக்கொண்டிருந்தேன் என்று கேட்டார்கள். அவர்களுக்கு முழுக்கதையும் சொல்ல நேரமிருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒரு பனிக்கால மத்தியானம் ரெஜான் கடைக்குள் வந்தான். ஆறடி உயரம். பகலில் பெயின்ற் விற்கும் கடையில் வேலை, விரல் நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அக்குளுக்குள் ஒரு பச்சை வெல்வெற் கவுனைச் சுருட்டி வைத்திருந்தான்.

"ஆருக்கு? பெண்சாதிக்கோ?" என்று கேட்டேன்.

"எனக்கு," என்றான்.

(அவன் பேசியதெல்லாம் கியூபெக் பிரெஞ்சு, நான் பேசியது ஓட்டைப் பிரெஞ்சு. எனக்கு எல்லாம் என் தமிழில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.)

சனிக்கிழமைகளில் அந்த வீதியில் உள்ள ஒரு பாரில் பெண் வேடம் போட்டுப் பாடி ஆடுகிறவன் அவன். மேடைப் பெயர் மதாம் பெவ்ரியே. பெவ்ரியே என்றால் பிரெஞ்சில் பெப்ரவரி, அந்த மாதத்தில் பிறந்தவனாம். எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கேள்விதான் வந்தது. எங்கள் ஊர்க் கூத்திலும் ஆண்கள்தானே ராணி வேடம் கட்டினார்கள். சேலைக்குள் என்ன வைத்துக் கட்டுகிறார்கள் என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். இங்கே அடிக்க ஆளில்லை.

"உந்த இடுப்பு எப்பிடி வருது?"

ரெஜான் சிரித்த சிரிப்பில் மதாம் அல்டா பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அடுத்த முறை தன் இடுப்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினான். சோபா மெத்தைக்குள் போடுகிற ஸ்பொஞ். இறைச்சி வெட்டும் மின்சாரக் கத்தியால் நீள்வட்டமாக வெட்டி, ஓரத்தைக் கத்தரிக்கோலால் நுள்ளி நுள்ளிக் கடதாசித் தடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதை இரண்டு பக்கமும் வைத்து, மேலே நீளக் காலுறைகள் நாலு.

"ஏன் நாலு?"

"மூண்டு போட்டால் ஓரம் தெரியும். அஞ்சு போட்டால் மூச்சு விடேலாது."

"ஏன் பின்னுக்கு வைக்கேல்ல?"

"பின்னுக்கு எனக்குக் கடவுள் தந்ததே போதும்."

அன்றைக்கே எனக்கு மதாம் பூர்குவா என்று பெயர் வைத்துவிட்டான். பூர்குவா என்றால் ஏன். ஏன்-அம்மா.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஒத்திகை நடக்கும். நான் வேலை முடிந்து அவர்களுடைய உடுப்பு மாற்றும் அறைக்குப் போய், கிழிந்ததை அங்கேயே தைத்துக் கொடுப்பேன். ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவேன். ஆறு பேர் இருப்பார்கள், இருபது ரோல்ஸ் போதாது. எனக்கு அரசாங்கத்திலிருந்து வரும் பிரெஞ்சுக் கடிதங்களை ரெஜான் வாசித்துச் சொல்வான். என் தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிடுவதற்கான படிவங்கள் முழுவதும் அவன் நிரப்பியவை, ஒரு கண்ணுக்கு மை பூசியபடியே.

அவனுடைய சிநேகிதன் லூக், அவனும் அதே மேடையில் ஆடுகிறவன். இருவரும் ஆற்றோரமாக வெகுதூரத்தில் உள்ள ஒரே ஊர்க்காரர், பதினாறு வயதில் ஒன்றாகப் புறப்பட்டு வந்தவர்கள், ஒரே வீட்டில் இருந்தார்கள். "நீங்கள் ரெண்டு பேரும் குடும்பமோ, புருசன் பெண்சாதி மாதிரி?" என்று கேட்டேன். இருவரும் ஒரே குரலில் "ஐயோ கடவுளே" என்றார்கள். லூக் சின்ன ஆள், நாக்கு மட்டும் நீளம். ரெஜானுக்குப் புருவம் வரைந்து விடுவது அவன்தான். வேறு யாரும் தொட விடமாட்டான்.

என் கணவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உமக்கு ஏன் உந்தத் தேவையில்லாத வேலை?" என்பார். ஆனால் ரெஜான் வீட்டுக்கு வந்தால் அவனுக்கு மீன்தலையை எடுத்து வைப்பதும் அவர்தான்.

அந்தக் காலத்தில்தான் அந்த வருத்தம் வந்து பரவியது. இங்கே சீடா என்பார்கள், எங்களுக்கு எய்ட்ஸ். உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகையில் சனிக்கிழமை ஆடுகிறவர்களின் பெயர்களைப் பார் முதலாளி எழுதுவார். ஒரு பெயர் அழிந்தால் சில மாதத்தில் அந்த ஆளும் இல்லை. முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மெலிந்த ஒருவர் மேடைக்கு வந்தால் வந்திருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். அவர் பயந்து, மெலிந்தவர்களை மேடையில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். அப்படி ஒருவரும் வாயால் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது மகள் பிறந்து, நாலு மாதம் நான் கடைப்பக்கமே போகவில்லை. அதுதான் வினையானது.

நாலு மாதத்துக்குப் பிறகு முதல் சனிக்கிழமை ரோல்ஸ் சட்டியோடு அந்த அறைக்குள் நுழைகிறேன். ரெஜான் கண்ணாடிக்கு முன்னால் சட்டையில்லாமல் இருக்கிறான். எங்களுடைய ஆட்கள் ஒருவரைக் கனகாலத்துக்குப் பிறகு கண்டால் என்ன சொல்வார்கள்? கலியாண வீட்டு வாசலில் நின்று பாருங்கள். ஒன்றில் "நல்லாக் கொழுத்திட்டீர்", இல்லாவிட்டால் "என்ன இப்பிடி மெலிஞ்சுபோனீர்". வணக்கம் சொல்வதுபோலத்தான் அது. உன்னை வடிவாகப் பார்த்தேன், உன்மேல் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம். நானும் அந்தப் பழக்கத்தில், அறை முழுக்கக் கேட்க, பிரெஞ்சில் சொன்னேன்:

"ஐயோ ரெஜான், சரியா மெலிஞ்சுபோனாய்! சாப்பிடுறேல்லையோ?"

மற்ற ஐந்து பேரும் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாசலில் பார் முதலாளி நின்றிருந்தார். லூக் எழும்பி வந்து என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான். "இனி இஞ்ச வராதை," என்றான்.

அடுத்த சனிக்கிழமை கரும்பலகையில் மதாம் பெவ்ரியே இல்லையாம்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லி அழுதேன். "உம்மட வாய்க்குப் பூட்டில்லை எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்," என்றார் இவர். பிறகு, "போய்ச் சொல்லும் மன்னிப்பு. நான் பிள்ளையைப் பார்க்கிறன்," என்றார்.

போனேன். கதவைத் திறந்தவன் லூக். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அவளிட்டைச் சொல்லு, நீ நித்திரை எண்டு," என்று ரெஜானுக்குச் சொன்னான். ரெஜான் சோபாவில் போர்வைக்குள் இருந்தான்.

"பிழை விட்டிட்டன்," என்றேன்.

"நீ சொன்னது உண்மை."

"அதுதான் பிழை."

அவன் சிரிக்கவில்லை. "மதாம் பூர்குவா, எனக்கு வருத்தத்துக்குப் பயம். அதைவிடச் சனிக்கிழமை வீட்டில இருக்கிறதுக்குப் பயம். பெயின்ற் கடையிலயும் நிப்பாட்டிப்போட்டினம். மேடை ஒண்டுதான் கிடந்தது," என்றான்.

எனக்கு அந்த இடத்திலேயே தோன்றியது. கடைப் பெட்டிக்குள் அவனுடைய அளவு அட்டை இருக்கிறது. போன வருடத்து நெஞ்சு, இடுப்பு, தொடை, கை எல்லாம். இப்போதைய உடம்புக்கும் அந்த அட்டைக்கும் இடையில் எவ்வளவு இடமோ அவ்வளவையும் நிரப்பினால்? இடுப்பை ஸ்பொஞ்சில் செய்யலாமென்றால் ஏன் முழு உடம்பையும் செய்யக்கூடாது?

"மூண்டு கிழமை தா. போன வருசத்து ரெஜானைத் தைச்சுத் தாறன்," என்றேன்.

எனக்கும் பயந்தான், பொய் சொல்லக்கூடாது. கைக்குழந்தை இருக்கிற வீடு. பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில் தாதியிடம் நேரே கேட்டேன்: வியர்வையால் வருமோ, துணியால் வருமோ, குண்டூசியால் வருமோ? வியர்வையாலும் துணியாலும் வராது என்றார். ஊசி குத்தி இரத்தம் வராமல் கவனமாக இரு என்றார். அதை வந்து மதாம் அல்டாவிடம் அப்படியே ஒப்புவித்தேன், அவருடைய கடையில் செய்ய அனுமதி வேண்டுமே. திங்கட்கிழமை கடை பூட்டு. அன்றைக்கு ரெஜானை வரச்சொல்லிவிட்டுத் தானும் வந்து நின்றார். ஊசிகளை வாயில் வைக்கவில்லை, மேசையில் ஒரு தட்டில் வைத்திருந்தார். ரெஜான் அதைக் கண்டான். நானும் கண்டேன்.

அந்த வேலை மாதிரி ஒரு வேலை நான் பிறகு செய்யவில்லை. முதலில் ஸ்பொஞ்சில் முயன்றேன். ஒரு பாட்டுக்கு ஆடியதும் வியர்வையைக் குடித்து ஈரத் தலையணை போலக் கனத்தது, அவனுக்குத் தூக்கப் பலமில்லை. ஸ்பொஞ்சை இடுப்போடு நிறுத்தினேன். நெஞ்சுக்கும் முதுகுக்கும் ஜாக்கெட் பஞ்சு. தொழிற்சாலையில் தைத்த அதே பஞ்சு, காற்றுப்போல இருக்கும், ஆனால் ஓடித் திரியும். ஓடாமலிருக்க இரண்டு மெல்லிய துணிக்கு நடுவில் வைத்து, சின்னச் சின்னக் கட்டங்களாகத் தைக்க வேண்டும். கட்டம் பெரிதானால் பஞ்சு கீழே இறங்கி வயிறு தள்ளும். சின்னதானால் பலகை மாதிரி விறைக்கும், மூச்சு வாங்கும்போது மார்பு அசையாது. மூச்சு வாங்குவது தெரியாத உடம்பை ஒருவரும் நம்பமாட்டார்கள். மூன்று தரம் பிரித்தேன். மதாம் அல்டா இரண்டு தரம் பிரித்தார், கோப்பி குடிக்கப் போகாமல்.

கழுத்தெலும்புக்குப் பஞ்சு வைக்க முடியாது. உயரக் கழுத்து. கைக்கு நீளக் கையுறை, உள்ளே இரண்டாவது கையுறை. முகம் லூக்கின் பொறுப்பு. அவன் என்னுடன் ஒரு வார்த்தை கதைக்கமாட்டான். நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அவளிட்டைச் சொல்லு, இடது தோள் பதிஞ்சு போச்சு," என்று ரெஜானிடம் சொல்வான். சொன்னது எப்போதும் சரியாக இருக்கும். நான் பிரித்துத் தைப்பேன்.

மூன்றாவது திங்கட்கிழமை எல்லாவற்றையும் போட்டு, மேலே பச்சைக் கவுனையும் போட்டு நிறுத்தினோம். போன வருடத்து மதாம் பெவ்ரியே நின்றாள். ரெஜான் கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான், தன் வயிற்றைத் தானே தட்டினான். மதாம் அல்டா விளிம்பை மடிக்க முழங்காலில் குனிந்தபோது கவனித்தேன், ஊசிகள் வாய்க்குள் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்கு அப்படியே போனான். நான் போகவில்லை, போக முகமில்லை. முதலாளி அவனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எங்கை போயிருந்தனீ? வடிவா இருக்கிறாய்," என்றாராம். பெயர் கரும்பலகைக்குத் திரும்பியது. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லையோ, தெரிந்தும் விட்டாரோ, இன்றைக்கும் எனக்கு அறிய ஆசை.

பதினாலு மாதம் ஆடினான். மூன்று கிழமைக்கு ஒருதரம் திங்கட்கிழமை வருவான். நான் அளப்பேன், துண்டில் எழுதுவேன், அவன் பார்க்கக் கேட்டதில்லை. உள்ளே ஒரு அடுக்குக் கூடும். வெளியே எல்லாம் அதே அளவு. கடைசி நாட்களில் மேடையில் நின்ற ஆளில் பாதி நான் தைத்தது. அதை நினைத்துப் பெருமைப்பட்டேன், அதை நினைத்தே வீட்டில் குளியலறைக்குள் நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அவனை முதல் நாள் பார்த்தபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். பஞ்சில்லாத ரெஜானை எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அவன்தான் கதிரையைக் காட்டினான்.

"என்ன, கேள்வி ஒண்டும் இல்லையோ? இப்ப கேட்காட்டி பேந்து எப்ப கேட்கப்போறாய்?"

லூக் கோப்பி எடுக்கப் போயிருந்தான். கேட்டேன். "பயமா இருக்கோ?"

"ஓம். ஆனா உந்தப் பதினாலு மாசமும் சனிக்கிழமையளில பயம் வரேல்ல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கதைத்தோம். பத்து நாளில் போய்விட்டான். தாய் வந்து உடலை ஊருக்குக் கொண்டுபோனார். அங்கே கான்சர் என்று சொன்னார்களாம். லூக் எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போய், சேர்ச்சில் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வந்தான். அதையும் எனக்கு வேறு ஆள்தான் சொன்னார்.

இதை எழுதலாமா என்று போன கிழமை லூக்கிடம் கேட்டேன். உயிரோடு இருக்கிறான். அந்த அறையில் இருந்த ஆறு பேரில் புது மருந்து வரும்வரை தாக்குப்பிடித்தவன் அவன் ஒருவன்தான். இப்போது மூட்டுவலிக்கு என்னைவிடக் கூட மாத்திரை போடுகிறான். "பெயரை மாத்தாமல் எழுது. அண்டைக்குக் கடையில நடந்ததையும் எழுது," என்றான்.

ரெஜான் போய் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, லூக் கடைக்குள் வந்தான். கையில் ஒரு கறுப்புக் குப்பைப் பை. அதற்குள் நான் தைத்த உடம்பு. ஞாபகமாக வைத்திருக்கத் தருகிறான் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கினேன்.

"இதை எனக்கு அளவாக்கித் தா," என்றான்.

கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பின்னறைத் திரையை இழுத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தேன்.

"பொறு," என்றான். "அண்டைக்கு ஆஸ்பத்திரியில நான் கோப்பிக்குப் போன நேரம் அவன் என்னைப் பற்றி ஏதும் கேட்டவனோ?"

"ஓம்."

"என்ன கேட்டவன்?"

"லூக்கும் மெலியிறானோ எண்டு கேட்டவன்."

லூக் ஸ்டூலில் இருந்துவிட்டான். "நீ என்ன சொன்னனீ?"

"இல்லை, அவன் அப்பிடியேதான் இருக்கிறான் எண்டு சொன்னன்."

"அப்ப உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். உன்ர கோட்டு அப்பவே தோளில நிக்கேல்ல."

"அவன் நம்பினவனோ?"

"நம்பினவன். நீ சொன்னால் சரிதான், உனக்கு ஒளிக்கத் தெரியாதே எண்டு சொல்லிச் சிரிச்சவன். அதுக்குப் பிறகு நித்திரையாப் போனவன்."

லூக் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கனநேரம் இருந்தான். திரைக்கு அந்தப் பக்கம் மதாம் அல்டாவின் மெஷின் நின்றுபோய், பிறகு ஓடத் தொடங்கியது. அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, "மெர்சி," என்றான். எழும்பிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான் அளப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.